விரிசலின் நுனி

முட்டுக்காட்டு உப்பங்கழியில் இரண்டு மணி நேரம் துடுப்பு போட்டுவிட்டுக் கரையேறிய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், என் மஞ்சள் நிறக் கயாக்கை வண்டியின் மேல் ஏற்றுவதற்காகத் தூக்கியபோது அது வழக்கத்தைவிடக் கனத்தது. ஒரு பக்கம் சாய்த்தால் உள்ளே தண்ணீர் சளசளவென்று ஓடும் ஓசை கேட்டது. பின்முனையான அமரத்தின் ஓரத்தில் இருக்கும் வடிகால் மூடியைத் திருகித் திறந்து, முன்முனையான அணியத்தை உயர்த்திப் பிடித்தேன். ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் உப்புநீர் மணலில் கொட்டியது. அந்தக் கயாக் முழுவதும் மூடிய கூடு போன்றது; மேலே உட்கார்ந்து ஓட்டுவது. அதற்குள் தண்ணீர் போக வழியே இருக்கக் கூடாது.

அன்று மாலை மொட்டை மாடியில் இரண்டு முக்காலிகளின் மேல் அதைக் கிடத்தி, நடுவில் உள்ள வட்ட மூடி வழியாக ஒரு குடம் தண்ணீரை உள்ளே ஊற்றி, வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுக் காத்திருந்தேன். கால் மணி நேரம் கழித்து, இருக்கைக்கு நேர் கீழே, அடிப்பகுதியின் நடுவில் நீளவாக்கில் ஓடும் ஏராவுக்கு இடப்புறம் நான்கு விரல் தள்ளி, ஒரு துளி நீர் வியர்வை போல அரும்பியது. துடைத்தேன், மறுபடியும் அதே இடத்தில் அரும்பியது. அருகில் சென்று பார்த்தால் தலைமுடியின் தடிமனில் ஒரு கோடு, நீளம் நான்கு சென்டிமீட்டர் இருக்கும். முந்தைய மாதம், நீர் வற்றியிருந்த ஒரு நாளில், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலத்தின் அருகே ஆளிச் சிப்பிகள் படர்ந்த கல்லொன்றின் மேல் கயாக் ஏறி நின்றதும், நான் எழுந்து இறங்காமல் உட்கார்ந்தபடியே உடம்பை ஆட்டி ஆட்டி அதைத் தள்ளியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. ஆளியின் விளிம்பு கத்தியைப் போன்றது. என் எடை முழுவதும் அந்த விளிம்பின் மேல் அசைந்திருக்கிறது.

முதலில் நான் போனது ஃபைபர் வேலை செய்யும் ஒரு பெரியவரிடம். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையோரத்தில் கட்டுமரங்களின் இடத்தை ஃபைபர் படகுகள் பெருமளவில் பிடித்துக்கொண்டதால், கண்ணாடியிழை மேட் துணியும், இறுகிப் பிடிக்கும் ரெசினும் வைத்துப் படகின் ஓட்டையை அடைக்கத் தெரிந்தவர்கள் பல குப்பங்களிலும் இருக்கிறார்கள். பெரியவர் கயாக்கை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது ஃபைபர் இல்ல, பிளாஸ்டிக்கு. மேல போட்டா நிக்காது" என்றார். அவர் சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டும். உப்புத்தாள் வைத்து நன்றாகத் தேய்த்துவிட்டுப் போட்டால் பிடிக்காதா என்று வற்புறுத்தினேன். எனக்காக உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஒட்டுப் போட்டுக் கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். மூன்றாவது முறை தண்ணீரில் இறக்கியபோது அந்த ஒட்டு முழுவதும் ஒரே வில்லையாக, பொரித்த அப்பளம் போல, கையோடு வந்தது. அதைத் திருப்பிப் பார்த்தபோது, உப்புத்தாள் கயாக்கின் மேல் இழுத்த ஒவ்வொரு கோடும் அதன் அடிப்புறத்தில் அச்சு அசலாகப் பதிந்திருந்தது. ரெசின் ஒவ்வொரு கீறலுக்குள்ளும் இறங்கி இறுகியிருக்கிறது, ஆனாலும் ஒட்டவில்லை.

அதற்கான காரணம், என் கயாக் செய்யப்பட்டிருக்கும் பிளாஸ்டிக்கான பாலிஎத்திலீனின் பிறவிக் குணம். கரியும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த நீண்ட சங்கிலிகளால் ஆன பொருள் அது. மெழுகுவத்தியில் இருக்கும் பாரஃபின் மெழுகுக்கு மூத்த உடன்பிறப்பு என்று சொல்லலாம். 1933 மார்ச்சில் இங்கிலாந்தின் செஷயர் பகுதியில், ஐ.சி.ஐ. என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் ஆய்வகத்தில் எரிக் ஃபாசெட்டும் ரெஜினால்டு கிப்சனும் எத்திலீனை மிகுந்த அழுத்தத்தில் வைத்து வேறு எதையோ எதிர்பார்த்துச் செய்த சோதனையில், கலத்துக்குள் வெள்ளையாக மெழுகு போன்ற ஒன்று படிந்திருந்ததைக் கண்டார்கள். பாலிஎத்திலீனின் தொழில் வரலாறு அந்த மெழுகிலிருந்துதான் தொடங்குகிறது. மெழுகின் மேல் தண்ணீர் தெளித்தால் பரவாமல் உருண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பசை ஒட்ட வேண்டுமானால் முதலில் அது பரப்பை நனைத்துப் பரவ வேண்டும். பாலிஎத்திலீனின் பரப்பு எதையும் எளிதில் நனைய விடுவதில்லை. ஃபைபர் ரெசினும், நொடியில் ஒட்டும் பசைகளும், இரண்டு களிம்பைப் பிசைந்து அடைக்கும் சாதாரண எபாக்ஸியும் அதன் மேல் அமர்ந்திருக்குமே தவிர அதைப் பற்றிக்கொள்வதில்லை. கயாக்கின் அடிப்பகுதியோ ஒவ்வொரு அலைக்கும் வளைந்து நிமிர்கிறது. இறுகிப் போன ஒட்டு வளையாது. சில நாள்களில் ஓரம் எழும்பி, அந்த இடுக்கில் தண்ணீர் புகுந்து, முழுவதும் கழன்றுவிடும்.

எனக்கு வழி காட்டியவர் தண்ணீர்த் தொட்டி பழுதுபார்ப்பவர். பக்கத்து வீட்டு மாடியில் கறுப்புத் தொட்டியொன்றின் அடியில் விட்டிருந்த கசிவைச் சரிசெய்ய அவர் வந்திருந்தார். எங்கள் மாடியில் கவிழ்ந்து கிடந்த கயாக்கைப் பார்த்துவிட்டு, அவராகவே கைப்பிடிச் சுவர் வரை வந்து, "சார், இதுவும் தொட்டி மாதிரிதான். ஒட்டக் கூடாது, உருக்கிச் சேக்கணும். அதுவே அதோட சேந்துக்கும்" என்றார். அவரிடம் இருந்தவை தட்டையான முனை கொண்ட மின்சாரச் சூட்டுக்கோல் ஒன்று, பழைய தொட்டியிலிருந்து அறுத்த கறுப்புப் பட்டைகள் ஒரு கட்டு, மரவேலைக்காரர் வைத்திருப்பது போன்ற சுரண்டி ஒன்று, அவ்வளவுதான். அன்று நான் அவர் அருகிலேயே உட்கார்ந்து பார்த்தேன். அரை மணி நேரத்துக்கு மேல் அவர் சுரண்டிக்கொண்டே இருந்தார். சூட்டுக்கோல் வேலை செய்தது பத்து நிமிடம் கூட இருக்காது.

அவர் சொன்னது மிகவும் சரி. நம் ஊரில் சின்டெக்ஸ் என்றே பொதுப்பெயராகிவிட்ட தண்ணீர்த் தொட்டியும், பெரும்பாலான பிளாஸ்டிக் கயாக்குகளும் ஒரே முறையில் பிறக்கின்றன. உலோக அச்சுக்குள் பாலிஎத்திலீன் பொடியைக் கொட்டி மூடி, அதை ஒன்றுக்கொன்று குறுக்கான இரண்டு திசைகளில் மெதுவாகச் சுழற்றியபடியே அடுப்பறைக்குள் செலுத்துகிறார்கள். பொடி உருகி அச்சின் உட்சுவர் முழுவதும் படிகிறது. பிறகு சுழற்சி நிற்காமலேயே குளிர்விக்கிறார்கள். தையலோ இணைப்போ இல்லாத ஒரே கூடு கிடைக்கிறது. சுவர் பெரும்பாலும் 4 முதல் 6 மி.மீ. தடிமன் இருக்கும், ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்காது. உருகிப் பிறந்த பொருள் என்பதால், அதை மீண்டும் உருக்கலாம். ஏறத்தாழ 120 முதல் 130 டிகிரி செல்சியஸில் அது இளகிவிடும்.

இதில் ஒரு விதிவிலக்கை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சங்கிலிகளைக் குறுக்காகவும் பிணைத்து உருவாக்கிய பாலிஎத்திலீனில் சில பழைய கயாக்குகள் செய்யப்பட்டிருக்கின்றன. அது ஒருமுறை உருவம் பெற்றுவிட்டால் மறுபடி உருகாது. சூடு வைத்தால் இளகுவதற்குப் பதிலாகக் கருகும். ஏ.பி.எஸ். என்ற வேறு பிளாஸ்டிக்கில் செய்த கயாக்குகளும் உண்டு. எனவே சூட்டுக்கோலை எடுக்கும் முன் நம்முடையது எது என்று தெரிந்துகொள்வது நல்லது. கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் கத்தியால் ஒரு சீவல் எடுத்துத் தண்ணீரில் போட்டேன், மிதந்தது. பாலிஎத்திலீன் தண்ணீரைவிட இலேசானது, ஏ.பி.எஸ். மூழ்கிவிடும். பிறகு அதே போன்ற ஒரு துண்டை, கயாக்கின் உட்புறத்தில் ஒரு மூலையில் சூட்டுக்கோலால் உருக்கிப் பதித்து, நன்றாக ஆறிய பின் குறடு வைத்து இழுத்துப் பார்த்தேன். அடிப்பரப்பையும் பிய்த்துக்கொண்டுதான் வந்தது. அப்படியே வழுக்கிக் கழன்று வந்திருந்தால் இந்த வேலையை அங்கேயே நிறுத்தியிருப்பேன்.

அந்தச் சீவல் இன்னொன்றையும் சொல்லும். நலமாக இருக்கும் பாலிஎத்திலீன், கத்திக்கு முன்னால் தேங்காய்ச் சீவல் போலச் சுருண்டு நீளமாக வரும். வெயிலில் பல ஆண்டுகள் கிடந்து கெட்டுப்போனது பொடிப்பொடியாக உதிரும். சூரியனின் புற ஊதாக் கதிர் சங்கிலிகளை அறுத்துவிட்டிருக்கும். மேற்பரப்பு சுண்ணாம்பு பூசியது போல வெளுத்திருக்கும். உதிரும் கயாக்கை உருக்கிச் சேர்ப்பதில் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து. ஒட்டிய இடம் நிற்கும், அதன் பக்கத்தில் பிளக்கும். ஆழமான நீரில் அதற்கு உயிரை ஒப்படைக்கக் கூடாது.

இனி விரிசலுக்கு வருகிறேன். தொட்டிக்காரர் சொல்லிக்கொடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்தது விரிசலின் நுனியைக் கண்டுபிடிக்கும் முறை. துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் இரண்டு துளியை விரிசலின் மேல் விட்டு, உள்ளிருந்து கட்டைவிரலால் அழுத்தி அதை வாய் திறக்கச் செய்து, நீலத்தை உறிஞ்ச விட வேண்டும். பிறகு மேற்பரப்பை ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்தால், மஞ்சள் பரப்பில் நீலக்கோடு மட்டும் நிற்கும். நான்கு சென்டிமீட்டர் என்று நான் அளந்து வைத்திருந்த விரிசல், நீலத்தில் ஐந்தரை சென்டிமீட்டராக நீண்டது. அணியத்தின் பக்கம் அது நேராகப் போய் முடியவில்லை. மெல்ல வளைந்து, கண்ணுக்குத் தெரிந்த முடிவைத் தாண்டி, நகக்கண் அளவு தூரம் நூலிழை போல ஓடியிருந்தது. நீலம் போடாமல் வேலையைத் தொடங்கியிருந்தால், அந்த நூலிழையை உள்ளேயே விட்டுவிட்டு அதன் மேல் அழகாகப் பூசியிருப்பேன்.

நுனியை விட்டுவைத்தால் விரிசல் நிற்காது. ஷாம்பூ பாக்கெட்டை வெறும் கையால் இழுத்தால் கிழிவதில்லை. ஓரத்தில் பல்லால் ஒரு வெட்டு வைத்துவிட்டால் சர்ரென்று கிழிந்துவிடுகிறது. இழுவிசை முழுவதும் அந்த வெட்டின் கூர்மையில் குவிவதே காரணம். விரிசலின் நுனியும் அப்படிப்பட்ட கூர்மைதான். அங்கே ஒரு வட்டத் துளை போட்டுவிட்டால், கூர்மை போய் வளைவு வந்துவிடும். விசை அந்த வளைவைச் சுற்றிப் பரவிவிடும். நீலக்கோடு முடியும் இடத்தைச் சற்றே தாண்டி, இரண்டு பக்கமும் 3 மி.மீ. டிரில்லால் ஒவ்வொரு துளை போட்டேன். தண்ணீர் வராமல் இருக்க வேண்டிய பொருளில் நாமே துளை போடுகிறோமே என்று கை நடுங்கத்தான் செய்தது. துளைக்குள் டார்ச் அடித்து, அதன் சுவரில் நீலம் எந்தப் பக்கம் தெரிகிறது என்று பார்த்தேன். விரிசல் வந்த பக்கம் மட்டும் நீலம் இருந்தது; எதிர்ப்பக்கம் சுத்த மஞ்சள். நுனி பிடிபட்டது.

அதன் பிறகு சுரண்டல். இரண்டு துளைகளுக்கும் இடையில் விரிசலை ஆங்கில வி எழுத்தைப் போன்ற பள்ளமாக, சுவரின் தடிமனில் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்கு அகழ்ந்தேன். பள்ளத்தின் இரு ஓரத்திலும் ஒரு விரற்கடை அகலத்துக்குப் பழைய மேல்தோலைச் சுரண்டிப் புதுப்பரப்பை வெளிக்கொணர்ந்தேன். உப்பும், வெயிலில் மாறிய தோலும், பழைய ரெசின் தூசியும், நீலமும் எல்லாம் போக வேண்டும். அவை இருந்தால் உருகிய பிளாஸ்டிக் அவற்றின் மேல்தான் படியும். சோப்பு போட்டுக் கழுவவில்லை. நல்ல தண்ணீரில் கழுவி, ஒரு நாள் முழுக்க உலர விட்டு, கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தேன். துடைத்த பின் அந்த இடத்தை விரலால் தொடவும் இல்லை.

சேர்ப்பதற்கான பட்டை எங்கிருந்து வருகிறது என்பது முக்கியம். பாலிஎத்திலீனிலும் அடர்த்தி கூடியது, குறைந்தது என்று வகைகள் உண்டு. ஒரே வகையோடு ஒரே வகை சேருவதைப் போல மற்றது சேராது. தயாரிப்பாளரிடம் அதே நிறத்தில் பட்டை வாங்க முடிந்தால் அதுவே சிறந்தது. எனக்கு நல்வாய்ப்பாக, தூண்டில் தாங்கி பொருத்துவதற்காகச் சில ஆண்டுகளுக்கு முன் கயாக்கின் மேல்புறத்தில் வெட்டியெடுத்த வட்டத் துண்டு ஒன்று கருவிப் பெட்டியில் கிடந்தது. அது இந்தக் கயாக்கின் உடம்பிலிருந்தே வந்த துண்டு. அதை நான்கு மி.மீ. அகலப் பட்டைகளாக அறுத்துக்கொண்டேன். கயாக்கில் எதற்காகத் துளை போட்டாலும், வெட்டிய துண்டைத் தூக்கி எறியாதீர்கள்.

உருக்கும் வேலையில் கவனிக்க வேண்டியது கண்ணுக்குத் தெரியும் மாற்றம். முதலில் சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னைத் தூரத்தில் பிடித்து, சுற்றுப்புறத்தை இளஞ்சூடாக்கினேன். குளிர்ந்த சுவரின் மேல் சூடான பட்டையை வைத்தால் அது வெறுமனே குந்தியிருக்கும். பிறகு சூட்டுக்கோலின் தட்டை முனையைப் பள்ளத்தின் அடியில் வைத்தேன். சில நொடிகளில் மங்கலாக இருந்த மஞ்சள் நிறம் ஆழ்ந்து, வேகும் ஜவ்வரிசியில் வெண்மை மறைந்து கண்ணாடித்தன்மை வருவது போல ஒரு பளபளப்பு வந்தது. அந்தக் கணத்தில்தான் பட்டையின் நுனியும் அதே பளபளப்பில் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் இளகியிருந்தால், ஒன்றை மற்றதற்குள் அழுத்தும்போது எல்லைக்கோடு மறைந்துவிடும். ஒன்று மட்டும் இளகியிருந்தால் கோடு மறையாது. அங்கேதான் மறுபடி பிரியும். ஒரு தடவைக்கு ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் நான் போகவில்லை. மெழுகுவத்தியை அணைத்த மணம் வருவது இயல்பு. வெள்ளைப் புகை எழுந்தால் கோலை உடனே எடுத்துவிட வேண்டும். கருகிய பிளாஸ்டிக் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நொறுங்கிப் போயிருக்கும். ஓரிடத்தில் எனக்கு அப்படிப் பழுப்பேறியது. அந்தப் பகுதியை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டு மீண்டும் நிரப்பினேன்.

உட்புறம் வட்ட மூடி வழியாகக் கை எட்டும் தூரத்தில் இருந்தது எனக்குப் பெரிய உதவி. கொசு வராமல் ஜன்னலுக்கு அடிக்கும் எவர்சில்வர் வலையில், விரிசலைவிட எல்லாப் பக்கமும் இரண்டு சென்டிமீட்டர் பெரிதாக ஒரு துண்டை மூலைகள் வட்டமாக வருமாறு வெட்டி, உட்புறச் சுவரில் வைத்துச் சூட்டுக்கோலால் மெல்ல அழுத்தினேன். இளகிய பிளாஸ்டிக் வலையின் கண்கள் வழியாக மேலே பொங்கி வந்தது. அதன் மேல் இன்னொரு படலம் உருக்கிப் பூசி, கம்பி எங்கும் வெளியே தெரியாதபடி மூடினேன். பாலிஎத்திலீன் ஆறும்போது கணிசமாகச் சுருங்கும் என்பதால் வெளிப்புறப் பள்ளத்தைச் சற்றே மேடாக நிரப்பி, ஈரத்தில் நனைத்த மரக்கட்டையால் அழுத்திப் பிடித்திருந்தேன். தண்ணீர் ஊற்றி அவசரமாகக் குளிர்விக்கவில்லை. தானாகவே ஆறட்டும் என்று இரவு முழுக்க விட்டுவிட்டு, காலையில்தான் மேட்டைச் சுரண்டிச் சமப்படுத்தினேன். மறுபடி ஒரு குடம் தண்ணீர், மறுபடி உலர்ந்த துணி. ஒரு மணி நேரம் பார்த்தும் எதுவும் அரும்பவில்லை. முதல் மூன்று வாரம் இடுப்பளவு ஆழத்துக்கு மேல் அதை எடுத்துச் செல்லவில்லை.

எல்லா விரிசலும் இப்படி இடம் கொடுக்காது. மேலே உட்கார்ந்து ஓட்டும் கயாக்குகளில், மேல்தட்டில் விழும் நீர் கீழே இறங்குவதற்கான வடிதுளைகள் அடிவரை குழாய் போலச் செல்லும். தள்ளுவண்டியின் கம்பிகளை அந்தத் துளைகளில் செருகிக் கயாக்கை இழுத்துச் செல்லும் வழக்கம் இருப்பதால், குழாயும் அடிப்பகுதியும் சேரும் வளைவில் விரிசல் விடுவது மிகவும் சாதாரணம். சென்ற மழைக்காலத்துக்கு முன் எனக்கும் அங்கே ஒன்று விட்டது. குறுகிய வளைவுக்குள் சூட்டுக்கோல் திரும்பவில்லை. அதற்கு மட்டும், பிளாஸ்டிக்குக்கென்று விற்கும் வளைந்து கொடுக்கும் எபாக்ஸியைப் பயன்படுத்தினேன். ஆனால் அதற்கு முன் பரப்பின் மேல் கேஸ் டார்ச்சின் நீலச்சுடர் நுனியை நிறுத்தாமல் வேகமாக ஓட்ட வேண்டும். சுடரில் பரப்பின் மேல்தோலில் ஆக்சிஜன் ஏறிக்கொள்கிறது. நனையாத பரப்பு நனையும் பரப்பாகிறது. சுடர் காட்டுவதற்கு முன் ஒரு துளி தண்ணீர் உருண்டு நின்றது. சுடர் காட்டிய பின் அதே துளி ஈரத்தரையில் பரவுவது போலப் பரவியது. அந்த இடத்தை உலர்த்தி, தாமதிக்காமல் எபாக்ஸியை இட்டேன். இது நன்றாகவே நிற்கிறது. ஆனாலும் உருக்கிச் சேர்த்ததன் மேல் இருக்கும் நம்பிக்கை எனக்கு இதன் மேல் இல்லை. அகலமான ஒட்டுநாடாக்கள் நடுவழியில் கரை சேர்வதற்கு உதவும், அதற்கு மேல் இல்லை.

பழுதுபார்த்ததைவிட, விரிசல் ஏன் வருகிறது என்று யோசித்ததில்தான் என் பழக்கங்கள் மாறின. கான்கிரீட் தரையில் அமரத்தை உரசியபடி இழுத்துச் செல்வதை நிறுத்திவிட்டேன். அந்த உரசல் சுவரைத் தேய்த்து மெல்லியதாக்குகிறது. வண்டியின் மேல் கட்டும் நாடாவை இரும்பு போல இறுக்கி, ஏப்ரல் வெயிலில் ஒரு நாள் முழுக்க விடுவதையும் நிறுத்தினேன். இன்னொன்று பலரும் அறியாதது: இழுவிசையில் இருக்கும் பாலிஎத்திலீனின் மேல் சோப்புக் கரைசல் தங்கியிருந்தால் அது விரிசல் விடுவதை விரைவுபடுத்தும். பொருளின் தரத்தைச் சோதிக்கும் ஆய்வகங்களே, வளைத்து வைத்த பட்டைகளைச் சோப்பு வகைக் கரைசலில் மூழ்கடித்துத்தான் எத்தனை மணி நேரத்தில் வெடிக்கிறது என்று பார்க்கின்றன. உப்பைப் போக்க நல்ல தண்ணீரே போதும். இப்போது கயாக் மாடிப்படிக்குக் கீழே நிழலில், அகலமான இரண்டு துணி நாடாக்களில் பக்கவாட்டில் தொங்குகிறது.

வருடத்துக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், அடிப்பகுதி முழுவதையும் சொட்டு நீலத்தால் துடைத்துப் பார்க்கிறேன். இந்த முறை பழைய ஒட்டின் இரண்டு துளைகளையும் நீலம் தாண்டவில்லை. ஆனால் ஏராவுக்கு வலப்புறம் புதிதாக ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு கோடு தெரிந்தது. உட்புறம் வரை இன்னும் இறங்கவில்லை. அதன் இரு நுனியிலும் ஒவ்வொரு துளை போட்டு, துளைகளை மட்டும் உருக்கி நிரப்பிவிட்டு, நடுக்கோட்டை அப்படியே விட்டிருக்கிறேன். வட்டத் துண்டில் இன்னும் ஏழு பட்டைக்கு இடம் இருக்கிறது.